சிஸ்டர் வீட்டு நீல வெளிச்சம்

"எரியுது சார். எரியலைன்னு நான் சொல்லவே இல்ல. நீலம் போயிருச்சுன்னு சொல்றேன்."

சிஸ்டர் பேசி நான் முதன்முதலில் கேட்டது இதைத்தான். தொண்ணூறுகளின் நடுவில், திண்டுக்கல்லில் ஒரு பிரசவ ஆஸ்பத்திரியில் லேப் டெக்னீஷியனாகச் சேர்ந்த புதிது. பச்சைக் குழந்தைகள் வார்டு வாசலில் அவரும் மேனேஜரும் நின்றுகொண்டிருந்தார்கள். பிறந்ததும் மஞ்சள் காமாலை காணும் குழந்தைகளை, கண்ணைத் துணியால் கட்டி, நீல டியூப் லைட்டுகளுக்குக் கீழே படுக்க வைப்பார்கள். அந்த வெளிச்சம் பட்டால் மஞ்சள் இறங்கும். டியூப் பழசாகப் பழசாக அதன் வீரியம் குறைந்துகொண்டே வரும். ஆனால் நம் கண்ணுக்கு முதல் நாள் எரிந்தது போலவேதான் தெரியும்.

மேனேஜருக்கு இது புரியவில்லை. புரிந்தால் புது டியூப் வாங்க வேண்டிவரும் என்பதால் புரிந்துகொள்ளாமலும் இருந்திருக்கலாம். "நல்லாத்தானம்மா எரியுது" என்றார் திரும்பவும்.

"அப்பச் சரி சார். இனிமே மஞ்சளோட இருக்கிற பிள்ளைகள மதுரைக்கு அனுப்பச் சொல்லி டாக்டரம்மாகிட்ட எழுதி வாங்கிக்கிறேன். ஏன்னு வீட்டாளுக கேட்டா, எங்ககிட்ட லைட்டு இல்லன்னு சொல்லிருவேன்."

குரலில் மிரட்டலே இருக்காது. கடையில் புளி விலை சொல்வது போலச் சொல்வார். அன்று மத்தியானமே ஒரு குழந்தையை அப்படி அனுப்பியும் விட்டார். மறுநாள் புது டியூப்கள் வந்து இறங்கின.

சிஸ்டர் என்றால் கன்னியாஸ்திரி இல்லை, ஊசி போடுகிற சிஸ்டர். குள்ளமான உருவம், இறுக்கிப் போட்ட கொண்டை, உள்மணிக்கட்டில் கட்டிய வாட்ச். ஞாயிற்றுக்கிழமை முதல் பூசைக்கு முதல் ஆளாகப் போய்விட்டு, பிரசங்கம் நீண்டால் அந்த வாட்சைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். நாகல் நகரில் எங்கள் வீட்டுக்கு அடுத்த சந்தில்தான் அவர் வீடு. இருவரும் ஒரே ஷேர் ஆட்டோவில் வேலைக்குப் போய் வந்தோம்.

அவரைப் பற்றி நாகல் நகரில் யாரைக் கேட்டாலும் ஒன்றைத்தான் சொல்வார்கள். சொன்னால் சொன்னதுதான். ஆஸ்பத்திரியில் துணி துவைக்கும் அம்மாவின் மகளுக்குப் பக்கத்து ஊரான எரியோட்டில் கல்யாணம். "வாரேன்" என்று சொல்லியிருந்தார். அன்றைக்கென்று பேய்மழை. பஸ் பாதி வழியில் நின்றுவிட்டது. மிச்ச தூரத்தைச் சேற்றில் நடந்தே போயிருக்கிறார். தாலி கட்டி, பந்தி முடிந்து, இலையும் எடுத்த பிறகு, முழங்கால் வரை சகதியோடு மண்டபத்து வாசலில் போய் நின்றாராம். "எதுக்கு சிஸ்டர் இம்புட்டு சிரமம்?" என்று அந்தம்மா அழுதுவிட்டார். "வாரேன்னு சொன்னேன்ல" என்றாராம் இவர். மறுநாள் காய்ச்சலோடு டூட்டிக்கு வந்தார். டூட்டிக்கும் வருவதாகச் சொல்லியிருந்தாரே.

இதைக் கேட்கும்போது நன்றாகத்தான் இருக்கும். கூடவே இருந்து பார்த்தவளுக்குத்தான் வயிறு எரியும். அவர் வாயிலிருந்து ஒரு "சரி"யைப் பிடுங்கிவிட்டால் போதும், வேலை முடிந்தது என்று அவர் வீட்டில் அத்தனை பேருக்கும் தெரிந்திருந்தது. தம்பி தங்கைகளைக் கரையேற்றுவதாக அம்மா சாகக் கிடக்கையில் ஒரு சரி வாங்கினார். அதில் போயிற்று சிஸ்டரின் கல்யாணம். செத்தவர்களைத் திட்டக்கூடாதுதான், ஆனால் அந்த அம்மாவை நான் மனசுக்குள் நிறையத் திட்டியிருக்கிறேன். அப்புறம் தங்கை நகைக்கு ஒரு சரி. தம்பி கடை வைக்க ஒரு சரி. கடை நொடித்தபோது தம்பி குடும்பத்தோடு மாடியில் வந்து குடியேற ஒரு சரி. வீடு சிஸ்டர் சம்பளத்தில் கட்டியது, அவர் பெயரிலேயே இருந்தது. ஆனால் வீட்டுக்கு வருகிறவர்கள் தம்பியைத்தான் "வீட்டுக்காரரே" என்று கூப்பிடுவார்கள், அவரும் திரும்பிப் பார்ப்பார்.

ரெண்டாயிரத்துக்குப் பிறகு ஒரு வருஷம், தம்பி மனைவிக்கு ஏதோ வைத்தியம் என்று துணைக்குச் சென்னை போனார் சிஸ்டர். அந்த டாக்டரின் வரவேற்பறையில் ஒரு கண்ணாடித் தொட்டி இருந்திருக்கிறது. உப்புத் தண்ணீர், பாறை, பாறை மேல் உயிருள்ள பவளங்கள். காத்திருந்த நேரமெல்லாம் இவர் அதன் முன்னாலேயே நின்றிருக்கிறார். டாக்டரைப் பார்த்துவிட்டு வெளியே வந்த தம்பி மனைவி, "மதினி, போவோமா?" என்று கூப்பிட்டும் நகரவில்லையாம்.

ஊருக்கு வந்த கையோடு ஆட்டோவில் என்னிடம் சொன்னார். "செல்வி, வீட்டுல ஒரு கடல் வைக்கப் போறேன்."

"மீன் தொட்டியா சிஸ்டர்?"

"மீன் இல்ல, கடல். பவளத்தோட."

ஒரு குடம் தண்ணீருக்குத் தெருவே அடித்துக்கொள்ளும் ஊர் இது. குழாயில் தண்ணீர் வரும் நாளை நல்ல நாள் போலச் சொல்லி வைத்துக்கொள்வோம். இந்த ஊரில், கடலையே வருஷத்துக்கொரு தடவை வேளாங்கண்ணியில் மட்டும் பார்க்கிற ஒரு பெண்மணி வீட்டுக்குள் கடல் வைக்கப் போகிறார். நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

அதற்குப் பிறகு நாங்கள் இருவரும் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு பிரவுசிங் சென்டரில் போய் உட்கார ஆரம்பித்தோம். வெளிநாட்டுக்காரர்கள் எழுதியதை நான் வாசித்துச் சொல்ல, அவர் கேட்டுக்கொள்வார். எல்லாரும் ஒரே பாட்டைத்தான் பாடினார்கள். தொட்டி பெரிய செலவில்லை, மீன் பெரிய செலவில்லை, லைட்டுதான் ஆளை விழுங்கும். பவளத்தின் உடம்புக்குள் கண்ணுக்குத் தெரியாத பாசி குடியிருக்கிறது. வெளிச்சத்தை வைத்து அது சமைக்கிற சாப்பாட்டில்தான் பவளம் உயிர் வாழ்கிறது. வெளிச்சம் போதவில்லை என்றால் பட்டினி. தொட்டி ஆழமாக ஆழமாக லைட்டும் பெரிசாக வேண்டும். அவர்கள் சொன்ன லைட்டின் விலையைச் சொல்லி நான் தலையில் கை வைத்தேன். சிஸ்டர் சத்தமில்லாமல் ஒன்று கேட்டார். "அதுல எந்தக் கலரு வெளிச்சம் ரொம்ப முக்கியம்னு போட்டிருக்கு?"

தேடிப் பார்த்துச் சொன்னேன். "நீலம், சிஸ்டர்."

அவர் முகம் மலர்ந்ததை இன்றைக்கும் மறக்கவில்லை. பரீட்சையில் தெரிந்த கேள்வி வந்துவிட்ட பிள்ளை முகம்.

ஆனாலும் உடனே முடிவெடுக்கவில்லை. நகைக்கடை ஒன்றில் கழற்றிப் போட்ட வெள்ளை ஃபோகஸ் லைட்டை முதலில் இரவல் வாங்கிப் பார்த்தார். தங்கத்தை மினுக்கிக் காட்டுகிற விளக்கு, பவளத்தையும் காட்டாதா என்பது கணக்கு. பக்கெட்டில் தண்ணீர் வைத்து மேலே தொங்கவிட்டார். சாயங்காலம் கையை விட்டுப் பார்த்தால் குழந்தையைக் குளிப்பாட்டுகிற சூடு. நம் ஊர் வெயிலில், அதைக் குளிரவைக்கத் தனியாக ஒரு மெஷின் வேண்டும், அதற்கு வேறு கரண்டு பில். திருப்பிக் கொடுத்துவிட்டார்.

"ஆழமான தொட்டி வச்சுட்டு லைட்டைத் தேடுறதுனாலதான இந்தப் பாடு? லைட்டை எடுத்துக்குவோம். அதுக்குத் தக்கன தொட்டி."

ஆஸ்பத்திரி நீல டியூப் ரெண்டடி. அதனால் தொட்டியின் நீளம் ரெண்டடி. உயரம் ஒரே அடி. அகலம் மட்டும் தாராளம். படத்துக்குக் கண்ணாடி போடும் கடைக்காரர் தொட்டியை ஒட்டித் தர ஒத்துக்கொண்டார், ஆனால் அளவு பிடிக்கவில்லை. "என்னம்மா, தோசைக்கல்லு மாதிரி கேக்குறீங்க? நல்லா ஒசரமா வச்சாத்தானம்மா பாக்க அழகு?"

"அழகு எனக்கு. வெளிச்சம் அதுக்கு. ஒரு அடியே போடுங்க."

கோயில் திருவிழாவுக்குச் சீரியல் லைட்டு போடுகிறவர் வந்து மரப்பெட்டி அடித்து, அதற்குள் நாலு வெள்ளை டியூப்பும் ரெண்டு நீல டியூப்பும் மாட்டிக் கொடுத்தார். தண்ணீருக்கும் டியூப்புக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி என்று அவர் கேட்டபோது, சிஸ்டர் தன் கையை முழங்கை வரை நீட்டிக் காட்டி, அதிலும் பாதியாக்கச் சொன்னார். வார்டில் தொட்டிலுக்கும் லைட்டுக்கும் இடைவெளி பார்ப்பது அப்படித்தான். உப்பு சரியாக இருக்கிறதா என்று அளக்க ஒரு கருவி வேண்டியிருந்தது. எங்கள் லேபில் மூத்திரத்தின் அடர்த்தி பார்க்கிற மிதவைக் குழாய் ஒன்று உண்டு. கடல் தண்ணீரின் அளவும் அதிலேயே காட்டும் என்று கண்டுபிடித்தது நான்தான். புதுசாக ஒன்று வாங்கிக் கொடுத்தேன். புதுசுதானா என்று மட்டும் மூன்று முறை கேட்டார்.

முன்னறையில் தொட்டி வந்து உட்கார்ந்தது. சென்னையிலிருந்து பாறையும், ரெண்டு கோமாளி மீனும், காளான் போலவும் பொத்தான் போலவும் இருக்கிற மென்பவளங்களும் தெர்மாக்கோல் பெட்டியில் பஸ் ஏறி வந்தன. கல்லாக வளரும் பவளத்தைச் சட்டப்படி வைத்துக்கொள்ளக் கூடாது என்று அந்தக் கடைக்காரரே சொல்லிவிட்டார். இவரும் கேட்கவில்லை. கேன் தண்ணீரில் உப்பைக் கலக்குவதை ஜன்னல் வழியே பார்த்த எதிர்வீட்டம்மா, "குடிக்கிற தண்ணியில கொண்டு போயி உப்பைக் கொட்டுறாகளே, இந்தக் கொடுமைய எங்க போயிச் சொல்ல?" என்று தெருவுக்கே கேட்கச் சொன்னார்.

"வாங்கி ஊத்துறேன்க்கா. உங்க வீட்டுக் குடத்துல எடுக்கல" என்றார் சிஸ்டர், கலக்குவதை நிறுத்தாமல்.

தம்பிக்குத்தான் பொறுக்கவில்லை. அந்த முன்னறையை ஜெராக்ஸ் கடைக்கு வாடகைக்கு விட அவர் ஏற்கெனவே பேசி வைத்திருந்தார். வாடகை வந்தால் மகனுடைய காலேஜ் செலவுக்கு ஆகும். மோசமான மனிதர் என்று சொல்ல மாட்டேன். அக்கா கொடுப்பது மழை மாதிரி, பெய்தால் பிடித்துக்கொள்ள வேண்டியது என்று நினைத்தவர், அவ்வளவுதான்.

"எல்லாம் செத்துப்போகும்க்கா. நம்ம ஊரு தண்ணிக்கும் வெயிலுக்கும் இது ஆகாது."

"ஆகும்."

"சரி, நம்ம கோயில் பங்குத் திருவிழா முடியிற வரைக்கும் பாப்போம். அதுக்குள்ள இந்தப் பூவெல்லாம் நல்லா விரிஞ்சு நின்னுச்சுன்னா நான் வாயே தொறக்கல. விரியலைன்னா ரூமைக் குடுத்துரு. சரியா?"

நான் பக்கத்தில்தான் இருந்தேன். சொல்லாதீர்கள் சிஸ்டர் என்று கண்ணால் கெஞ்சினேன்.

"சரி" என்றார்.

தம்பி மாடிப்படியில் விசிலடித்துக்கொண்டு ஏறினார். பவளம் விரியும் விரியாது என்பதெல்லாம் அவருக்கு எதுக்கு? அக்காவிடம் ஒரு சரி வாங்கியாயிற்று.

முதல் தப்பு நர்ஸ் மட்டுமே செய்யக்கூடிய தப்பு. வார்டில் நீல லைட்டை அணைத்தால் அவருக்குப் பிடிக்காது. பால் கொடுக்கும் நேரம் தவிர ராப்பகலாக எரிய வேண்டும். அதே வழக்கத்தில் தொட்டிக்கும் லைட்டை அணைக்கவே இல்லை. "மீனுக்குக் கண்ணைக் கட்டலையா சிஸ்டர்?" என்று நான் கேலி செய்ததற்கு, அதையும் ஒரு நிமிஷம் யோசித்தார். சில நாளில் பாறையெல்லாம் பச்சைக் கொழகொழப்பு. விரிந்து வந்த பவளங்கள் சுருங்கி ஒட்டிக்கொண்டன. சென்னைக் கடைக்காரருக்கு எஸ்.டி.டி. பூத்திலிருந்து போன் போட்டோம்.

"ராத்திரி ஆஃப் பண்ணிருவீங்கல்ல மேடம்?"

"ஆஃப் பண்ணணுமா?"

 அவர் பொறுமையாக, "அதுங்களும் தூங்கணும் மேடம்" என்றார்.

அன்றிலிருந்து சாயங்காலம் செபமாலை சொல்லி முடித்ததும் லைட்டை அணைத்துவிடுவார். கொழகொழப்பு குறைந்தது. மீன்கள் தெம்பாகச் சுற்றின. பவளங்கள் மட்டும் பாதி விரிந்து, நிறம் மங்கி, அப்படியே நின்றுவிட்டன. திருவிழாவுக்குக் கொடியேறியது. கோயில் பக்கமெல்லாம் சீரியல் லைட்டு எரிந்தது. சிஸ்டர் தொட்டி முன்னால் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தே கிடந்தார். சோறு, வெஞ்சனம் எல்லாம் மேலிருந்து வந்தது வந்தபடி இருந்தது.

ஒரு நாள் நான் போனபோது எழுந்து நின்று மரப்பெட்டியைத் திறந்து டியூப்பைத் தொட்டுக்கொண்டிருந்தார்.

"செல்வி, இந்த நீல டியூப்பு எங்கேருந்து எடுத்தேன்?"

"ஆஸ்பத்திரி ஸ்டோர் ரூம்லருந்து. மேனேஜர் சார்தான் குப்பைக்குப் போறதுதானன்னு குடுத்தாரே."

"குப்பையில போட்டது யாரு?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. குழந்தைகளுக்கு ஆகாது, நீலம் போயிருச்சு என்று சண்டை பிடித்து அவரே கழற்றிப் போடவைத்த டியூப்கள். அவற்றைத்தான் தன் கடலுக்கு மாட்டியிருக்கிறார். ஊரான் வீட்டுப் பிள்ளை என்றால் மேனேஜரைக் கதிகலங்க வைத்துப் புதுசு வாங்குகிறவர், தனக்கென்று வரும்போது பழசு போதும் என்று நினைத்திருக்கிறார். எனக்குக் கோபம் கோபமாக வந்தது. "உங்களுக்குன்னா மட்டும் ஏன் சிஸ்டர் புத்தி இப்படிப் போகுது?" என்று கத்தியே விட்டேன். அவர் நேரே எஸ்.டி.டி. பூத்துக்குப் போனார். மதுரையில் மருத்துவச் சாமான் விற்கும் கடைக்குப் போன் போட்டுப் புது டியூப்புக்குச் சொல்லிவிட்டு வந்தார்.

திருவிழாக் கடைசி நாளுக்கு முந்தைய சாயங்காலம்தான் அது வந்து சேர்ந்தது. மாட்டினோம். பட்டினி கிடந்த உயிர் ஒரு நாளில் தேறுமா? அவை நன்றாக விரிய மூன்று வாரம் ஆயிற்று. பச்சையும் ஊதாவுமாக விரிந்தபோது தெருப் பிள்ளைகளெல்லாம் ஜன்னலில் தொங்கி வேடிக்கை பார்த்தார்கள். ஆனால் திருவிழாவின் கடைசி நாளான அந்த ஞாயிற்றுக்கிழமைக் காலையில் அதெல்லாம் எங்களுக்கு எப்படித் தெரியும்? அன்று அவை சுருங்கிப்போய்த்தான் இருந்தன.

பூசை முடிந்து வந்த கையோடு தம்பி இறங்கி வந்தார். கூடவே ஜெராக்ஸ் கடை வைக்கப் போகிறவர், கையில் அளக்கிற டேப்போடு. வாசலில் எதிர்வீட்டம்மா. நான் சிஸ்டருக்குப் பின்னால் நின்றேன்.

தம்பி தொட்டியைக் குனிந்து பார்த்தார். "நீயே பாருக்கா. விரிஞ்சிருக்கா?"

"இல்ல."

"அப்ப?"

"நான் தோத்துட்டேன்ப்பா. நீ சொன்னதுதான் சரி."

தம்பி அந்த ஆளைப் பார்த்துத் தலையசைத்தார். அவர் டேப்பை இழுத்துச் சுவரோரம் குனிந்தார்.

"அளக்காதீங்க" என்றார் சிஸ்டர். "ரூமு தரல."

டேப் சர்ரென்று உள்ளே ஓடும் சத்தம் கேட்டது. தம்பி சிரித்தார், ஏதோ விளையாட்டு என்று நினைத்திருப்பார். "அக்கா, சரின்னு சொன்ன."

"சொன்னேன். இப்ப இல்லன்னு சொல்றேன்."

"வாக்குக் குடுத்துட்டு மாத்துவியா? நீயா?"

"நான்தான்."

"எனக்கு என்னன்னே புரியலக்கா. இது உயிரோட இருந்தாலாச்சும் ஒரு அர்த்தம் இருக்கு. செத்துப்போனா என்னக்கா பண்ணுவ?"

"வேற வாங்குவேன். அதுவும் செத்தா வெறும் தண்ணியில லைட்டைப் போட்டுட்டு உக்காந்திருப்பேன். ரூமு என்னுது."

"இத்தனை வருசத்துல ஒரு தடவை இப்படிப் பேசியிருக்கியா நீ?"

"இல்லல்ல? தப்புத்தான். முந்தியே பேசியிருக்கணும்."

"ஊரு என்ன சொல்லும்?" என்று கேட்டுக்கொண்டே தம்பி வாசல் பக்கம் பார்த்தார். எதிர்வீட்டம்மா நகர்வதாக இல்லை.

"வாக்குத் தவறுனவன்னு சொல்லும். உள்ளதுதான், சொல்லட்டும். ஏங்க்கா, நல்லாக் கேட்டுக்கிட்டீங்களா? தெருவுல எல்லாருக்கும் சொல்லிருங்க."

ஜெராக்ஸ் கடைக்காரர் முதலில் வெளியேறினார். தம்பி கொஞ்ச நேரம் நின்றார். கண் கலங்கியிருந்தது, அது வாடகைக்காகவா வேறெதற்காகவா என்று எனக்குத் தெரியவில்லை. பிறகு படியேறிப் போனார். மேலே கதவைப் படாரென்று சாத்தும் சத்தம் கேட்டது. அதற்கப்புறம் ஒரு வருஷம் அவர் அக்காவோடு முகம் கொடுத்துப் பேசவில்லை.

நான் தெருக்கதவைச் சாத்திவிட்டுத் திரும்பினேன். எனக்குக் கைதட்ட வேண்டும் போல இருந்தது. அவர் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். ரெண்டு கையையும் மடியில் வைத்து, யாரோ வேற்றாள் கையைப் பார்ப்பது போலப் பார்த்துக்கொண்டிருந்தார். நீல வெளிச்சத்தில் விரல்கள் வெடவெடவென்று நடுங்கின.

"பாரு செல்வி. எத்தனை பிரசவம் பாத்த கை. ஒரு நாளும் இப்படி நடுங்குனதில்ல."

"தண்ணி கொண்டாரவா சிஸ்டர்?"

"வேணாம்" என்றார். "செத்த நேரம் இப்படியே நடுங்கட்டும். நல்லாருக்கு."